ஜெயித்த பந்தயத்துக்குப் பணம் ஏன் வரவில்லை? பிரிட்டன் ஆன்லைன் பந்தய செட்டில்மென்ட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரிட்டனில் உரிமம் பெற்ற நிறுவனங்களில் கணக்கு வைத்திருப்பவர்களுக்காக எழுதியது இது. ஆட்டத்தில் நடந்தது ஒன்று, கணக்கில் வந்து விழுவது வேறொன்று என்ற குழப்பம் ஏறக்குறைய எல்லா விளையாட்டிலும் இருக்கிறது. நிறுவனத்துக்கு நிறுவனம் விதி மாறுகிற இடங்களை அங்கங்கே குறிப்பிட்டிருக்கிறோம்.

செட்டில்மென்ட் என்றால் சரியாக என்ன?

பந்தயம் ஜெயித்ததா, தோற்றதா, செல்லாமல் போனதா என்று நிறுவனம் முடிவு செய்து, அதற்கேற்ப உங்கள் கணக்கில் பணம் வைப்பதுதான். செல்லாது என்றால் கட்டிய தொகை அப்படியே திரும்பும். பாதி ஜெயித்து பாதி திரும்புவதும், பாதி ஜெயித்து பாதி தோற்பதும் உண்டு.

ஆப்டா, ஸ்போர்ட்ரேடார், ஜீனியஸ் ஸ்போர்ட்ஸ் மாதிரியான தரவு நிறுவனங்கள் அனுப்பும் விவரத்தை வைத்துப் பெரும்பாலான பந்தயங்கள் தானாகவே தீர்கின்றன. டிவியில் நீங்கள் பார்த்தது ஆதாரம் ஆகாது. பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பினால் பார்க்கிற எல்லோருக்கும் அது கோலை நோக்கி அடித்த ஷாட்தான். ஆப்டாவின் வரையறைப்படி அது 'ஷாட் ஆன் டார்கெட்' இல்லை. எந்தத் தரவை ஆதாரமாக எடுப்பார்கள் என்பதை நிறுவனத்தின் விதிப் பக்கத்தில் எழுதியிருப்பார்கள். கட்டுவதற்கு முன் தேட வேண்டிய முதல் வரி அதுதான்.

இந்தியாவிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ கட்டலாமா?

இந்தியாவில் கூடாது. 2025 ஆகஸ்டில் நிறைவேறிய மத்தியச் சட்டம் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்கிறது. தமிழ்நாட்டில் 2022-ஆம் ஆண்டின் மாநிலச் சட்டமும் இருக்கிறது. சிங்கப்பூரில் ஆன்லைன் விளையாட்டுப் பந்தயத்துக்கு அனுமதி பெற்ற ஒரே நிறுவனம் சிங்கப்பூர் பூல்ஸ். தடை உள்ள ஊரிலிருந்து வெளிநாட்டுத் தளத்தில் கட்டினால் சட்டச் சிக்கல் ஒரு பக்கம் இருக்க, பணம் தராமல் ஏமாற்றினால் முறையிடவும் உங்களுக்கு ஆள் இல்லை. கீழே சொல்லும் பாதுகாப்பு எதுவும் அங்கே கிடைக்காது.

பிரிட்டனில் வயது 18 ஆகியிருக்க வேண்டும். பழக்கம் கைமீறுவதாகத் தோன்றினால் கேம்ஸ்டாப்பில் ஒரு முறை பதிவு செய்யுங்கள். உரிமம் பெற்ற எல்லா ஆன்லைன் நிறுவனங்களும் உங்களைத் தடுத்துவிடும்.

2022 உலகக் கோப்பையை அர்ஜென்டினா வென்றது. அர்ஜென்டினா மீது கட்டியவர்கள் எப்படித் தோற்றார்கள்?

கால்பந்தில் அதிகம் பேர் சறுக்குகிற இடம் இது. 'மேட்ச் ரிசல்ட்' என்ற பந்தயம் 90 நிமிடத்தோடும் நடுவர் கூட்டித் தரும் நிமிடங்களோடும் முடிந்துவிடுகிறது. கூடுதல் நேரமும் பெனால்டி ஷூட்அவுட்டும் அதில் சேராது. அந்த இறுதி ஆட்டத்தில் 90 நிமிட முடிவில் 2-2. ஆகவே ஜெயித்தது 'டிரா'. கூடுதல் நேரத்தில் 3-3 ஆகி, ஷூட்அவுட்டில் அர்ஜென்டினா 4-2 என வென்றது இந்தப் பந்தயத்தைத் தொடவே இல்லை. 'கோப்பையை வெல்வது யார்' என்று தனிப் பந்தயம் இருக்கும். அதில் கட்டியவர்களுக்குத்தான் பணம்.

எதிரணியான பிரான்ஸின் எம்பாப்பே அடித்த ஹாட்ரிக்கும் இப்படித்தான். முதல் இரண்டு கோல் 80, 81-ஆவது நிமிடங்களில் வந்தன. மூன்றாவது 118-ஆவது நிமிடத்தில். உலகமே ஹாட்ரிக் என்று எழுதியது. 90 நிமிட விதியில் 'எம்பாப்பே ஹாட்ரிக் அடிப்பார்' என்ற பந்தயம் தோல்வி. மொத்த கோல் 4.5-க்கு மேல் என்று கட்டியவருக்கும் தோல்விதான், ஏனென்றால் 90 நிமிடத்தில் விழுந்தது 4 கோல்.

கோல் அடிப்பவர் பந்தயத்தில் எவையெல்லாம் கணக்கில் வராது?

சேம்சைடு கோல் வராது. ஆட்டத்தின் முதல் கோலே சேம்சைடு என்றால் அதை விட்டுவிட்டு அடுத்த கோலை அடித்தவரைத்தான் 'முதல் கோல்' அடித்தவராக எடுப்பார்கள். நீங்கள் கட்டிய வீரர் இறங்கவே இல்லை என்றாலோ, முதல் கோல் விழுந்த பிறகு மாற்று வீரராக வந்தாலோ முதல் கோல் பந்தயம் செல்லாது, பணம் திரும்பும். 'எப்போதாவது கோல் அடிப்பார்' என்பதில் கட்டியிருந்தால் கதை வேறு: கடைசி ஒரு நிமிடம் இறங்கினாலும் பந்தயம் நிற்கும்.

கார்னர், கார்டு பந்தயங்களில் என்ன கவனிக்க வேண்டும்?

நடுவர் கொடுத்தும் அடிக்கப்படாமல் போன கார்னர் எண்ணிக்கையில் சேராது. புள்ளிக் கணக்கில் பெரும்பாலும் மஞ்சள் கார்டுக்கு 10, சிவப்புக்கு 25. இரண்டாவது மஞ்சளால் வெளியேறும் வீரருக்கு முதல் மஞ்சளையும் சிவப்பையும் மட்டும் சேர்த்து 35 போடுவார்கள். இரண்டாவது மஞ்சளைத் தனியாக எண்ணுவதில்லை. பயிற்சியாளருக்கும் பெஞ்சில் இருப்பவர்களுக்கும் காட்டிய கார்டு, கடைசி விசிலுக்குப் பிறகு காட்டிய கார்டு இரண்டும் சேராது.

ஆசிய ஹேண்டிகேப்பில் மைனஸ் 0.75 எடுத்தேன், அணி ஒரு கோலில் ஜெயித்தது. ஏன் பாதிப் பணம்தான் வந்தது?

மைனஸ் ஹேண்டிகேப் என்றால் அணி அடித்த கோலிலிருந்து அந்த அளவைக் கழித்துவிட்டு முடிவு பார்ப்பது. 0.75 என்பது ஒரே பந்தயம் போலத் தெரிந்தாலும் உள்ளே இரண்டு பந்தயங்கள். பாதித் தொகை மைனஸ் 0.5 மீதும், மறுபாதி மைனஸ் 1 மீதும் போகிறது. 1.90 விலையில், அதாவது ஜெயித்தால் ஒரு பவுண்டுக்கு 1.90 திரும்பும் விலையில், 100 பவுண்ட் கட்டியதாக வையுங்கள். ஒரு கோல் வித்தியாசத்தில் முதல் பாதி ஜெயிக்கிறது: 50 × 1.90 = 95. இரண்டாவது பாதியில் ஒரு கோலைக் கழித்தால் சமநிலை, 50 திரும்புகிறது. மொத்தம் 145 பவுண்ட், லாபம் 45.

ஆட்டம் பாதியில் கைவிடப்பட்டால்?

அதுவரை உறுதியாகிவிட்ட பந்தயங்கள் நிற்கும், மற்றவை செல்லாது. 2023 டிசம்பர் 16 அன்று போர்ன்மத் - லூட்டன் ஆட்டத்தில் டாம் லாக்கியர் மைதானத்தில் சரிந்து விழுந்தார். 1-1 என்ற நிலையில் 59-ஆவது நிமிடத்தில் ஆட்டம் நின்றது. 'முதல் கோல் யார்', 'மொத்தம் 1.5 கோலுக்கு மேல்' ஆகியவற்றுக்கு அதற்குள் விடை கிடைத்துவிட்டதால் அவை தீர்க்கப்பட வேண்டியவை. யார் ஜெயிப்பார் என்பது செல்லாது. 2024 மார்ச்சில் ஆட்டத்தை முதலிலிருந்து மறுபடி ஆடினார்கள்; பழைய பந்தயம் அந்தப் புது ஆட்டத்துக்குத் தாவாது.

நிறுத்திய ஆட்டத்தை அன்றே தொடர்ந்து முடித்தால் எல்லாப் பந்தயமும் நிற்கும். எரிக்சன் மயங்கி விழுந்த டென்மார்க் - பின்லாந்து ஆட்டம், 2021 ஜூன் 12, அப்படித்தான் அன்றிரவே முடிந்தது. ஒத்திவைப்பு நீண்டால் எத்தனை மணி நேரம் காத்திருப்பார்கள் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்.

ஆட்டம் முடிந்து சில நாள் கழித்து முடிவையே மாற்றினால்?

பந்தயம் மாறாது. 2020 செப்டம்பரில் வெரோனா - ரோமா ஆட்டம் 0-0 என முடிந்தது. பதிவுப் பட்டியலில் சரியாகச் சேர்க்காத வீரரை ரோமா ஆடவைத்ததால் வெரோனாவுக்கு 3-0 வெற்றி என்று பிறகு அறிவித்தார்கள். லீக் அட்டவணையில் 3-0, பந்தயத்தில் டிரா.

சண்டை விளையாட்டுகளிலும் அப்படியே. 2017 ஜூலையில் யுஎஃப்சி சண்டையில் கார்மியேவை ஜான் ஜோன்ஸ் வீழ்த்தினார். ஊக்கமருந்துச் சோதனைக்குப் பின் அந்த முடிவு ரத்தானது. அன்று மேடையில் அறிவித்த முடிவின்படி கொடுத்த பணம் கொடுத்ததுதான்.

ஃபார்முலா 1-இல்தான் உண்மையான சிக்கல். 2024 பெல்ஜியம் பந்தயத்தில் ஜார்ஜ் ரஸல் முதலாவதாக வந்து மேடையேறினார். பிறகு அவர் கார் 798 கிலோ வரம்புக்கு 1.5 கிலோ குறைவு என்று தெரிந்து தகுதி நீக்கம் செய்தார்கள், வெற்றி ஹாமில்டனுக்குப் போனது. 'மேடை விழா நேரத்து நிலை' என்று எழுதியிருக்கும் நிறுவனத்தில் ரஸல் வெற்றி. 'அன்றைய அதிகாரபூர்வ வரிசை' என்று எழுதியிருந்தால் ஹாமில்டன். ஒரே பந்தயம், இரண்டு நிறுவனம், இரண்டு விடை. எந்தச் சொல்லைப் போட்டிருக்கிறார்கள் என்று பார்க்காமல் கார் பந்தயத்தில் கட்டாதீர்கள்.

கிரிக்கெட்டில் மழை வந்து ஓவர் குறைந்தால்?

2023 ஐபிஎல் இறுதி ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மே 28 அன்று ஒரு பந்தும் வீசவில்லை, 29-ஆம் தேதி ரிசர்வ் நாளில் ஆடினார்கள். குஜராத் 20 ஓவரில் 214. மழைக்குப் பின் டக்வர்த் லூயிஸ் முறையில் சென்னைக்கு 15 ஓவரில் 171 இலக்கு. கடைசி இரண்டு பந்தில் ஜடேஜா 6, 4 அடித்து முடித்தபோது நள்ளிரவு தாண்டி 30-ஆம் தேதி.

ஆட்டத்தை வெல்வது யார் என்ற பந்தயம் அதிகாரபூர்வ முடிவைப் பின்பற்றும். ஓவர் குறைந்தாலும் நிற்கும். சென்னை மீது கட்டியவருக்குப் பணம். குஜராத்தின் மொத்த ரன் பந்தயமும் நிற்கும், அவர்கள் முழு 20 ஓவரும் ஆடிவிட்டார்கள். ஆனால் ஆட்டத்துக்கு முன்பே 'சென்னை 180.5 ரன்னுக்குக் கீழ்' என்று கட்டியிருந்தால்? சென்னை எடுத்தது 171, கீழேதான். இருந்தும் பணம் வராது, கட்டியது மட்டும் திரும்பும். 20 ஓவருக்குப் போட்ட கோடு அது, வீசியது 15. எதிர்ப்பக்கம் 'மேல்' என்று கட்டியவர் குறைந்த ஓவரிலேயே கோட்டைத் தாண்டியிருந்தால் ஜெயித்திருப்பார். இது அநியாயம் என்று பலர் கொதிப்பார்கள். மேலே போவது ஓவர் குறைந்தாலும் நிரூபணம் ஆகிவிடும், கீழே நிற்பது முழு ஓவர் ஆடினால்தான் நிரூபணம் ஆகும் என்பதே காரணம்.

டி20-யில் இரு அணிக்கும் குறைந்தது 5 ஓவர், ஒருநாள் ஆட்டத்தில் 20 ஓவர் இல்லாமல் முடிவு கிடையாது. முடிவில்லை என்றால் வெற்றிப் பந்தயம் செல்லாது. டாஸ் பந்தயம் மட்டும் நாணயம் விழுந்ததும் முடிந்த கதை.

சமனில் முடிந்தால்? சூப்பர் ஓவர் சேருமா?

வெற்றிப் பந்தயத்துக்குச் சேரும், ரன் கணக்குக்குச் சேராது. 2019 ஜூலை 14, லார்ட்ஸ், உலகக் கோப்பை இறுதி ஆட்டம்: இங்கிலாந்து, நியூசிலாந்து இரு அணியும் 241. சூப்பர் ஓவரிலும் 15-15. பவுண்டரி எண்ணிக்கை 26-17 என்று இங்கிலாந்து வென்றது. போட்டி விதியே வெற்றியாளரைச் சொல்லிவிட்டதால், அதைப் பின்பற்றும் நிறுவனங்களில் இங்கிலாந்து மீது கட்டியவர்களுக்குப் பணம். ஸ்டோக்ஸ் சூப்பர் ஓவரில் எடுத்த ரன் மட்டும் அவருடைய 84-உடன் சேரவில்லை.

டெஸ்டில் சூப்பர் ஓவர் இல்லை. சமன் என்பது டிராவும் இல்லை. 1986 செப்டம்பரில் சேப்பாக்கத்தில் 348 இலக்கைத் துரத்திய இந்தியா 347-க்கு ஆல் அவுட். இன்று அப்படி நடந்தால், மூன்று விடை கொண்ட பந்தயத்தில் டிரா மீது கட்டியவர் தோற்பார். இரு அணிகளுக்கும் 'டெட் ஹீட்' விதி பொருந்தும். அதாவது கட்டியதில் பாதி தோல்வி, பாதிக்கு முழு விலை. இந்தியா மீது 3.00 விலையில் 20 பவுண்ட் கட்டியிருந்தால் 10 × 3.00 = 30 பவுண்ட் வரும்.

டென்னிஸில் ஒருவர் காயத்தால் விலகினால்?

நிறுவனங்கள் இடையே இவ்வளவு வேறுபாடு வேறெந்த விளையாட்டிலும் இல்லை. ஒரு பந்து ஆடினாலே போதும் என்று சிலர், ஒரு செட் முடிய வேண்டும் என்று சிலர், முழு ஆட்டமும் முடிய வேண்டும் என்று சிலர் விதி வைத்திருக்கிறார்கள்.

2025 விம்பிள்டனில் டிமிட்ரோவ் 6-3, 7-5, 2-2 என்று சின்னரைவிட முன்னிலையில் இருந்தபோது மார்புத் தசைக் காயத்தால் விலகினார். 'ஒரு செட்' நிறுவனத்தில் இரண்டு செட் பின்தங்கியிருந்த சின்னர் மீது கட்டியவருக்கு முழுப் பணம். 'முழு ஆட்டம்' நிறுவனத்தில் இருவர் மீது கட்டியவருக்கும் கட்டியது திரும்பும்.

2020 அமெரிக்க ஓபனில் ஜோகோவிச் அடித்த பந்து கோட்டு நடுவர் மீது பட்டு அவர் தகுதி நீக்கம் ஆனபோது முதல் செட்டில் 5-6. செட் முடியவில்லை. 'ஒரு செட்' விதியை எழுத்துக்கு எழுத்து எடுத்தால் பந்தயம் செல்லாது. தகுதி நீக்கத்துக்குத் தனி வரி வைத்து, அடுத்த சுற்றுக்குப் போனவருக்கே பணம் தருகிற நிறுவனங்களும் உண்டு.

மொத்த கேம் பந்தயத்தில் ஒரு நுணுக்கம். 6-4, 4-4 என்ற நிலையில் ஆட்டம் நின்றது என்று வையுங்கள். ஆடியது 18 கேம். அந்தச் செட் முடிய இன்னும் 2 கேமாவது வேண்டும், எப்படி ஆடினாலும் 20 வந்தே தீரும். ஆகவே 19.5-க்கு மேல் என்பது ஜெயித்தது, கீழ் என்பது தோற்றது. 20.5 கோட்டில் கட்டியவர்களுக்குப் பணம் திரும்பும்.

குதிரைப் பந்தயத்தில் ஜெயித்த பணத்தில் ஏன் பிடித்தம்?

அது 'ரூல் 4'. நீங்கள் விலை எடுத்த பிறகு ஒரு குதிரை விலகினால் மீதிக் குதிரைகளுக்கு வாய்ப்பு கூடுகிறது. அதை ஈடுகட்ட லாபத்தில் பிடிக்கிறார்கள். விலகிய குதிரையின் விலையைப் பொறுத்து ஒரு பவுண்டுக்கு 5 பென்ஸிலிருந்து 90 பென்ஸ் வரை. 14/1, அதாவது ஒரு பவுண்டுக்கு 14 பவுண்ட் லாபம் தரும் விலையைத் தாண்டிய குதிரை விலகினால் பிடித்தமே இல்லை. 2/1 குதிரை விலகினால் 30 பென்ஸ். 8/1-இல் 10 பவுண்ட் கட்டி ஜெயித்தால் லாபம் 80. அதில் 24 போய் 56. கட்டிய 10 சேர்த்து 66 பவுண்ட் வரும். கட்டிய தொகையில் கைவைக்க மாட்டார்கள்.

பல வாரம் முன்பே கட்டும் ஆன்டி-போஸ்ட் பந்தயத்தில் ரூல் 4 கிடையாது, ஆனால் உங்கள் குதிரை ஓடாவிட்டால் பணமும் திரும்பாது. 'ஓடாவிட்டால் பந்தயம் இல்லை' என்ற சலுகை அறிவித்திருந்தால் மட்டும் திரும்பும்.

ஈச் வே கட்டினேன், குதிரை மூன்றாவது வந்தது. ஒன்றும் வரவில்லையே?

ஈச் வே என்பது பாதியைக் குதிரை ஜெயிப்பதற்கும் பாதியை முன்னணி இடங்களுக்குள் வருவதற்கும் கட்டுவது. எத்தனை குதிரை ஓடின என்று பாருங்கள். வழக்கமான விதி: 5 முதல் 7 குதிரை ஓடினால் முதல் இரண்டு இடம், விலையில் கால் பங்கு. 8 அல்லது அதற்கு மேல் ஓடினால் மூன்று இடம், ஐந்தில் ஒரு பங்கு. குதிரையின் திறனுக்கேற்ப எடை ஏற்றி ஓடவிடும் ஹேண்டிகேப் பந்தயத்தில் 12 முதல் 15 என்றால் மூன்று இடம் கால் பங்கு, 16-ஐத் தொட்டால் நான்கு இடம் கால் பங்கு. காலையில் 8 குதிரை இருந்து, கடைசி நேரத்தில் ஒன்று விலகினால் மூன்றாவது இடம் மறைந்துவிடும். பட்டியலில் சரியாக 8 இருக்கும் பந்தயத்தில் மூன்றாம் இடத்தை நம்பி ஈச் வே கட்டுவதை நாங்கள் பரிந்துரைப்பதே இல்லை.

ஈச் வே 5 பவுண்ட் என்றால் செலவு 10 என்பதையும் மறக்க வேண்டாம்: ஜெயிக்க 5, இடத்துக்கு 5. 8 குதிரை ஓடி, 12/1 குதிரை மூன்றாவது வந்தால் முதல் 5 போச்சு, இரண்டாவது 5-க்கு 12 லாபம். கையில் 17.

ஓட்டம் முடிந்து ஜாக்கிகளின் எடை பார்த்து 'வெயிட் இன்' அறிவிப்பு வந்த பிறகுதான் பந்தயம் தீரும். அதற்குப் பின் வரும் தகுதி நீக்கம் பந்தயத்தைப் பாதிக்காது. ஓட்டமே செல்லாது என்று அறிவித்தால் எல்லாப் பணமும் திரும்பும். 1993 கிராண்ட் நேஷனலில் தொடக்கம் தவறியும் 39-இல் 30 குதிரைகள் ஓடிப்போனபோது அதுதான் நடந்தது.

கோல்ஃபில் 'முதல் ஐந்து இடம்' ஜெயித்தும் நஷ்டம் வருமா?

வரும். ஐந்தாவது இடத்தில் ஏழு பேர் சமன் என்றால் ஓர் இடத்தை ஏழு பேர் பங்கிடுகிறார்கள். 5.00 விலையில் 10 பவுண்ட் கட்டியிருந்தால் அதில் ஏழில் ஒரு பங்குதான் ஜெயிக்கும்: 1.43 × 5.00, சுமார் 7.14 பவுண்ட். ஐந்து பேர் சமன் என்றால் 10 வரும், லாபமும் இல்லை நஷ்டமும் இல்லை. பட்டம் யாருக்கு என்ற பந்தயத்தில் இந்தப் பங்கீடு கிடையாது, பிளே-ஆஃப் ஆடி ஒருவரைத் தேர்ந்தெடுத்துவிடுவார்கள். முதல் அடி அடித்த பிறகு வீரர் விலகினால் தோல்வி; அடிப்பதற்கு முன் விலகினால் பணம் திரும்பும்.

குத்துச்சண்டை?

டிரா என்பதற்கும் விலை கொடுத்திருந்தால், டிரா ஆனதும் இரு வீரர்கள் மீது கட்டியதும் தோற்கும். 2018 டிசம்பரில் ஃபியூரி - வைல்டர் சண்டை டிரா ஆனது. இரண்டே விடை கொண்ட பந்தயம் என்றால் பணம் திரும்பும். மணி அடித்தும் ஸ்டூலை விட்டு எழாத வீரர் முந்தைய ரவுண்டில் தோற்றதாகக் கணக்கு.

அமெரிக்க விளையாட்டுகள்?

கூடைப்பந்து, அமெரிக்கக் கால்பந்து இரண்டிலும் ஓவர்டைம் சேரும், கால்பந்துக்கு நேர் எதிர். ஐஸ் ஹாக்கியில் 60 நிமிடப் பந்தயம் வேறு, ஓவர்டைம் சேர்ந்தது வேறு. சீட்டில் எது என்று பாருங்கள்.

பல ஆட்டங்களை ஒரே பந்தயமாகக் கோத்த அக்குமுலேட்டரில் ஓர் ஆட்டம் ரத்தானால் மொத்தமும் போகுமா?

போகாது. அந்த ஆட்டத்தின் விலை 1.00 ஆகிவிடும். 1.80, 2.10, 1.50, 1.65 நான்கும் சேர்ந்தால் 20 பவுண்டுக்கு 187.11 வர வேண்டும். 2.10 ஆட்டம் ரத்தானால் 1.80 × 1.50 × 1.65 = 4.455, அதாவது 89.10. ஒரே ஆட்டத்துக்குள் பல விஷயங்களைக் கோத்துக் கட்டும் பெட் பில்டர் மட்டும் விலக்கு. அதில் ஒரு வீரர் ஆடாவிட்டால் சில நிறுவனங்கள் மீதிக்கு விலையைத் திருத்துகின்றன, சில மொத்தத்தையும் செல்லாது என்கின்றன.

பணம் வந்தது, பிறகு திரும்ப எடுத்துக்கொண்டார்கள். எடுக்கலாமா?

தவறாகத் தீர்த்திருந்தால் எடுக்கலாம் என்று அவர்கள் விதியிலேயே இருக்கும். 1/10 என்று போட வேண்டிய இடத்தில் 10/1 என்று போட்ட மாதிரி வெளிப்படையான பிழை இருந்தாலும் சரியான விலைக்கு மாற்றுவார்கள். அந்தப் பணத்தை வைத்து உடனே அடுத்த பந்தயம் கட்டினால் கணக்கு மைனஸில் போய் நிற்கும். சந்தேகமாக வந்த பெரிய தொகையை ஒரு நாள் தொடாமல் வையுங்கள்.

செட்டில்மென்ட் தவறு என்று உறுதியாக நம்புகிறேன். எங்கே போவது?

முதலில் பந்தய எண், கட்டிய நேரம், அந்தப் பந்தயத்துக்கான விதிப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், அதிகாரபூர்வ முடிவு நான்கையும் எடுத்து வையுங்கள். விதிப் பக்கம் பிறகு மாறலாம் என்பதால் ஸ்கிரீன்ஷாட் முக்கியம். சாட்டில் பேசித் தீராவிட்டால் 'இது முறைப்படியான புகார்' என்று எழுதி மின்னஞ்சல் அனுப்புங்கள். எந்த விதி எண், அதை எப்படித் தவறாகப் பொருத்தினார்கள் என்று இரண்டு வரியில் சொன்னால் போதும். கோபத்தை எழுதினால் பதில்தான் தாமதமாகும்.

எட்டு வாரத்தில் தீராவிட்டாலோ, 'இதுவே எங்கள் இறுதி முடிவு' என்று அவர்கள் எழுதிவிட்டாலோ வெளி நடுவரிடம் போகலாம். 1998-இல் தொடங்கிய ஐபாஸ் பல நிறுவனங்களுக்கு நடுவர். உங்களிடம் கட்டணம் வாங்காது. உங்கள் நிறுவனத்துக்கு யார் நடுவர் என்பது அதன் தளத்திலேயே இருக்கும். நிறுவனம் தன் விதியைச் சரியாகப் பின்பற்றியதா என்றுதான் அங்கே பார்ப்பார்கள். நிறுவனங்களுக்கு உரிமம் தரும் கேம்பிளிங் கமிஷன் தனிநபர் வழக்குகளைத் தீர்ப்பதில்லை, ஆனாலும் உங்கள் தகவலை அவர்களுக்கு அனுப்பலாம். கடைசி வழி நீதிமன்றம்: 2007 செப்டம்பர் 1 முதல் பந்தய ஒப்பந்தங்கள் சட்டப்படி செல்லும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 10,000 பவுண்ட் வரை சிறு வழக்கு முறையில் வக்கீல் இல்லாமல் நீங்களே தொடுக்கலாம்.